காலி பாக்கெட்டுக்கு என்ன விலை?

2019ஆம் ஆண்டு தை மாதத்தில், எங்கள் இட்லிப் பொடிக்கும் சாம்பார் பொடிக்கும் உள்ளூர் கேபிள் சேனலில் இரண்டு மாதம் விளம்பரம் செய்தோம். அதோடு ஆட்டோக்களின் பின்புறத்தில் ஒட்டும் ஸ்டிக்கர், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பலகை என்று சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, செலவு 1,40,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. விருதுநகரில் ஒரு தகரக் கூரையின் கீழ் எட்டுப் பேரை வைத்து நடத்தும் தொழிலுக்கு அது சிறிய தொகை அன்று. விளம்பரம் ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம், சாத்தூரில் நான் வழக்கமாகச் சரக்குப் போடும் மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். கடை அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார்: "டிவியில பாத்துட்டு நாலஞ்சு பேரு வந்து கேட்டாங்கம்மா. உங்க சரக்குத் தீந்து பத்து நாளாச்சு. இருக்கிறதைக் கொடுத்து அனுப்பிட்டேன்."

அந்த நான்கைந்து பேரும் அன்று வேறொரு நிறுவனத்தின் பொடியை வாங்கிச் சென்றிருக்கிறார்கள். அவர்களைக் கடை வரைக்கும் அழைத்து வந்த செலவு என்னுடையது, விற்பனை இன்னொருவருடையது. ஊர் திரும்பிய பிறகு, கடை கடையாகச் சரக்குப் போடும் லைன் வண்டியின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நாங்கள் சரக்குப் போட்டுக்கொண்டிருந்த இருநூற்றுச் சொச்சம் கடைகளில், விளம்பரம் ஓடிய நாட்களில் எங்கள் பாக்கெட் இருந்த கடைகள் பாதிகூட இல்லை. பெயரை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பொருளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

சிறுதொழில் கூட்டங்களில் பேச வருகிறவர்கள் பலரும், சிக் ஷாம்பூவின் கதையைத் தவறாமல் சொல்வார்கள். கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன், குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 1983ஆம் ஆண்டு 15,000 ரூபாயை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் கெவின்கேர் ஆனது என்பதும், சிக் என்ற பெயர் அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணனின் பெயரிலிருந்து வந்தது என்பதும் பலருக்கும் தெரிந்தவை. கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்கக்கூடிய அளவிலும் விலையிலும் பொருளைத் தர வேண்டும் என்பது அந்தத் தந்தையின் எண்ணம். அதனால் இந்தக் கதை பெரும்பாலும் விலையைப் பற்றிய கதையாகவே சொல்லப்படுகிறது: பாக்கெட்டைச் சிறிதாக்கினார்கள், மலிவாக்கினார்கள், வென்றார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. சிறிய பாக்கெட்டில் முதலில் சந்தைக்கு வந்தது ரங்கநாதனின் சகோதரர்கள் நடத்திய வெல்வெட் ஷாம்பூ. சிக் வந்தபோது, வெல்வெட்டை விற்றுக்கொடுக்க கோத்ரெஜ் என்ற பெரிய நிறுவனம் பின்னால் நின்றது. சிறிய பாக்கெட்டும் குறைந்த விலையும் மட்டுமே காரணம் என்றால், பிறகு வந்தவர் எப்படி முந்தினார்?

இந்தக் கேள்விக்கு, அந்த நிறுவனம் நடத்திய காலி பாக்கெட் திட்டத்தில் விடை இருப்பதாக நினைக்கிறேன். எந்த நிறுவனத்தின் ஷாம்பூவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட்டுகளைக் கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று முதலில் அறிவித்தார்கள். சில காலம் கழித்து அதை மாற்றி, ஐந்து காலி பாக்கெட்டுகளும் சிக் பாக்கெட்டுகளாகவே இருக்க வேண்டும் என்றார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை, இந்தத் திட்டத்துக்குப் பிறகு 12 லட்சம் ரூபாயாக உயர்ந்ததாக ரங்கநாதனே பேட்டிகளில் கூறியிருக்கிறார்.

இந்த இரண்டு படிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதல் படியில், ஏற்கெனவே பாக்கெட் ஷாம்பூ பயன்படுத்திப் பழகியவர் யார் என்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஐந்து காலி பாக்கெட் சேர்த்து வைத்திருப்பவருக்கு ஷாம்பூ என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போட்டியாளர் செலவு செய்து உருவாக்கிய வாடிக்கையாளரிடம், ஒரு பாக்கெட் விலையில் மாதிரியைச் சேர்ப்பித்துவிடுகிறார்கள். இரண்டாம் படியில், ஒருமுறை முயன்று பார்த்தவரைக் கூட்டத்திலிருந்து விலக்கி, ஐந்து முறை காசு கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் பரிசு தருகிறார்கள். கடைக்காரர் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் சுவாரசியம். வருகிறவர் "ஒரு ஷாம்பூ கொடுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரை, எதை எடுத்துக் கொடுப்பது என்பது கடைக்காரரின் விருப்பம். "சிக் கொடுங்க" என்று கேட்கத் தொடங்கிய நாளில் அந்த அதிகாரம் கடைக்காரரின் கையிலிருந்து போய்விடுகிறது. முதலிலேயே இரண்டாம் படியை அறிவித்திருந்தால், சிக் பாக்கெட் யாரிடமும் இல்லாத நிலையில் திட்டம் படுத்திருக்கும். முதல் படியிலேயே நின்றிருந்தால், போட்டியாளரின் விற்பனைக்கு இவர்கள் பரிசு கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

அதன் பிறகுதான் மல்லிகை, ரோஜா வாசனைகள் வருகின்றன. நடிகை அமலா நடித்த விளம்பரம் வருவதும் அதற்குப் பிறகே; விற்பனை மாதம் ஒரு கோடியைத் தொட்டது அந்தக் கட்டத்தில்தான் என்று ரங்கநாதன் சொல்லியிருக்கிறார். ஷாம்பூவையே பார்த்திராத கிராமங்களில், ஊர்க்காரர்கள் முன்னிலையில் ஒரு சிறுவனின் தலையை அலசிக் காட்டி, முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்ன பணியும் அந்த நிறுவனத்தின் வரலாற்றில் உண்டு. நான் அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கி, கடைசியில் வர வேண்டிய விளம்பரத்தை முதலில் செய்திருந்தேன். சினிமா நட்சத்திரம் கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் வேறுபாடு. கிடைத்திருந்தால் நட்டம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

அந்த ஆண்டின் பங்குனியில் நாங்கள் செய்த மாற்றம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. அதுவரை லைன் வண்டியில் போகும் தம்பிக்கு, எத்தனை புதிய கடைகளில் சரக்கு இறக்கினார் என்பதைப் பார்த்து ஊக்கத்தொகை கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் சளைக்காமல் புதுக் கடைகளைப் பிடித்தார், கடனுக்கு இறக்கினார், மூன்று மாதம் கழித்து எக்ஸ்பயரி நெருங்கிய பாக்கெட்டுகள் அட்டைப் பெட்டிகளில் திரும்பி வந்தன. அவர் மீது நான் கோபப்பட்டிருக்கிறேன், ஆனால் நான் எதற்குக் காசு கொடுத்தேனோ அதைத்தான் அவர் செய்தார். அந்த மாதம் முதல் புதிய கடைக்கான தொகையை நிறுத்திவிட்டு, ஒரு கடை தானாகக் கேட்டு வாங்கும் இரண்டாவது ஆர்டருக்கும் மூன்றாவது ஆர்டருக்கும் மட்டும் தொகை என்று மாற்றினேன். இதற்காகவே ஒரு தனி நோட்டு போட்டோம். எங்களிடம் அதற்கு இன்றும் "ரெண்டாம் நோட்டு" என்றே பெயர். ஆறு மாதத்தில் கடைகளின் எண்ணிக்கை இருநூற்றிலிருந்து நூற்றுப் பத்தாகக் குறைந்தது, ரிட்டர்ன் ஏறக்குறைய நின்றது, விற்பனை பழைய அளவைத் தாண்டியது. அந்தத் தம்பி முதல் இரண்டு மாதம் வேலையை விட்டுப் போய்விடுவாரோ என்று அஞ்சினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய கைக்கு வரும் தொகை குறைந்துதான் போனது. அந்த இடைவெளியை என் பக்கத்திலிருந்து ஈடுகட்டினேன். முறையை மாற்றியது நான் என்பதால் அதன் செலவும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

பெயரைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததையும் மறைக்க முடியாது. 2014இல் தொழிலைத் தொடங்கியபோது, வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ஒரு மங்கலமான பெயரை வைத்தோம். உணவுப் பாதுகாப்பு உரிமம், வரிப் பதிவு எல்லாம் எடுத்தோம். வணிகச் சின்னப் பதிவு மட்டும் "வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போனது. 2018இல் வேறு மாவட்டத்திலிருந்து ஒரு வழக்கறிஞர் அறிவிக்கை வந்தது. அதே பெயரை மசாலாப் பொருள்கள் அடங்கும் 30ஆம் வகுப்பில் ஒருவர் பதிவு செய்திருந்தார். எங்களுக்கு முன்பிருந்தே பயன்படுத்தியும் வந்தார். எங்கள் பக்கம் நியாயம் ஒன்றும் இல்லை. நான்கு ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி வளர்த்த பெயரை மூன்று மாதங்களில் கைவிட்டோம்.

இதில் அறிவிக்கையைவிட அச்சுச் செலவுதான் அதிகம் வலித்தது. பாக்கெட் போடும் பிலிம் சுருளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர், அதாவது அச்சு உருளை, வெட்ட வேண்டும். பெயர் மாறினால் அந்தப் பெயர் இடம்பெறும் சிலிண்டர்கள் அனைத்தும் பழைய இரும்பு; அச்சிட்டு வைத்திருந்த சுருள்களும் குப்பை. இத்தனைக்கும் தனிநபரோ சிறு நிறுவனமோ இணையவழியில் வணிகச் சின்னத்துக்கு விண்ணப்பிக்கும் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பிப்பதற்கு முன்பு அதே பெயரோ, ஒலிப்பில் அதைப் போன்ற பெயரோ இருக்கிறதா என்று பதிவகத்தின் இணையதளத்தில் காசில்லாமலே தேடிப் பார்க்கவும் முடியும். பொருளைச் சரியாக விவரிக்கும் பொதுச்சொல்லைப் பெயராக வைத்தால் பதிவு கிடைப்பது கடினம் என்பதும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். "சுவையான சாம்பார் பொடி" என்பதை யாரும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. சொல்லிக்கொள்ள முடியாத பெயரை வளர்ப்பது அடுத்தவர் நிலத்தில் தென்னை வைப்பதைப் போன்றது.

புதிய பெயர் வந்த பிறகு இன்னொரு ஆசை வந்தது. ஊறுகாய்க்கு ஒரு பெயர், சத்துமாவுக்கு ஒரு பெயர் என்று பெரிய நிறுவனங்களைப் போல வைக்கலாமே என்று மகன் சொன்னான். கெவின்கேர் அப்படித்தான் செய்கிறது: சிக், மீரா, நைல், கார்த்திகா, இண்டிகா, ஊறுகாய்க்குச் சின்னீஸ். மறுபக்கம், ஈரோட்டில் 1975இல் மஞ்சள் வியாபாரமாகத் தொடங்கிய சக்தி மசாலா, ஏறக்குறைய எல்லாப் பொடிக்கும் ஒரே பெயரைச் சுமந்துகொண்டு சமையலறையின் அலமாரி முழுவதையும் பிடித்திருக்கிறது. எது சரி என்று கேட்டால் இரண்டும் சரி. தலைக்குத் தேய்ப்பதையும் சோற்றில் பிசைவதையும் ஒரே பெயரில் விற்க முடியாது, சாம்பார் பொடியையும் ரசப் பொடியையும் விற்கலாம். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த விவாதமே தேவையில்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு புதிய பெயருக்கும் ஒரு பதிவு, ஒரு சிலிண்டர் தொகுதி, லைன் வண்டித் தம்பி ஒவ்வொரு கடையிலும் மூச்சைச் செலவழித்துச் சொல்ல வேண்டிய ஓர் அறிமுகம். இவற்றைத் தாங்கும் வரை ஒரே பெயர்தான்.

எங்கள் மாவட்டத்திலிருந்தே இன்னொரு பாடம் கிடைக்கிறது. சிவகாசிக்குப் பக்கத்துத் திருத்தங்கலைச் சேர்ந்த ஆர்.ஜி. சந்திரமோகன், தமது 21ஆம் வயதில், 1970இல், குடும்பச் சொத்தை விற்றுக் கிடைத்த 13,000 ரூபாயுடன் சென்னை இராயபுரத்தில் குச்சி ஐஸ் தயாரிக்கத் தொடங்கினார். அதுதான் அருண் ஐஸ்கிரீம். சென்னையில் அப்போது பெயர் பெற்ற ஐஸ்கிரீம் நிறுவனங்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றோடு அதே தெருக்களில் மோதாமல், கல்லூரி உணவகங்களையும் கப்பல்களுக்குச் சரக்கு அளிப்பவர்களையும் முதலில் பிடித்து, பிறகு பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத சிறு நகரங்களுக்குச் சென்றார். ஐஸ்கிரீமில் இது சாதாரண முடிவு அன்று. உருகும் பொருளை நெடுந்தூரம் அனுப்பி, மின்வெட்டுள்ள ஊரில் விற்பது தொல்லை பிடித்த வேலை. அந்தத் தொல்லைதான் மற்றவர்களை உள்ளே வரவிடாமல் காத்த வேலி. அதிலிருந்து வளர்ந்த ஹட்சன் அக்ரோ நிறுவனத்தின் இன்றைய ஆண்டு விற்பனை 7,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. நாங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது சிறிய அளவுதான்: மதுரையில் பெரிய கடைகளின் ரேக்குக்காகப் பணம் கட்டுவதை விட்டுவிட்டு, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள கிராமங்களுக்கு வாரம் இருமுறை வண்டி அனுப்பத் தொடங்கினோம். சாலை மோசமான லைன்களில்தான் எங்கள் ரெண்டாம் நோட்டு வேகமாக நிரம்புகிறது.

நிர்மாவின் கதையையும் ஒருவரி சொல்லிவிடுகிறேன். குஜராத்தில் அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1969இல் சலவைத்தூள் தயாரித்து, சைக்கிளில் வீடுவீடாகச் சென்று விற்ற கர்சன்பாய் படேலை, இந்துஸ்தான் லீவர் என்ற பெரிய நிறுவனம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அது தம்முடைய சந்தையே அன்று என்று இருந்தது. ஆனால் விழித்துக்கொண்டபோது, அதே விலைத்தட்டில் வீல் என்ற தூளை எண்பதுகளின் பிற்பகுதியில் கொண்டு வந்து மல்லுக்கட்டியது. பெரியவர்களின் அலட்சியம் சிறியவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் என்பதும், அது முடிவில்லாதது அன்று என்பதும் சேர்ந்தே நினைவில் இருக்க வேண்டும்.

தலைமை என்ற சொல்லை எனக்குப் பயன்படுத்திக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் அதற்கு என்ன வேலை என்று நீண்ட நாள் நினைத்திருந்தேன். மிளகாய் விலை ஏறிய ஓர் ஆண்டில், வழக்கமாக வாங்கும் முண்டு மிளகாயைக் குறைத்து, அதைவிட மலிவாகக் கிடைத்த வேறொரு சரக்கைக் கலந்து வறுக்கச் சொன்னேன். வறுவல் பார்க்கும் அக்கா, தொடக்கத்திலிருந்து எங்களோடு இருப்பவர், வாணலியின் முன்னால் நின்றுகொண்டே, "இது காரம் ஏறும், மணம் ஏறாது, வேண்டாம் பாப்பா" என்றார். நான் கேட்கவில்லை. விலையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று மனத்துக்குள் நினைத்தேன் என்பதே உண்மை.

பாக்கெட்டில் நுகர்வோர் தொடர்புக்கான எண்ணைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்பது சட்டம். எங்கள் பாக்கெட்டில் இருப்பது என்னுடைய கைப்பேசி எண்தான். இருபது நாள் கழித்து அது ஒலிக்கத் தொடங்கியது. முதலில் அழைத்தவர் ராஜபாளையத்துப் பெண்மணி ஒருவர். கோபமாகப் பேசவில்லை. "எப்பவும் வாங்குறதுதான், இந்தத் தடவை பிள்ளைங்க தொடலை, மாவு மில்லை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். அந்த வாரத்தில் ஏழு அழைப்புகள் வந்தன. அந்தத் தொகுதியின், அதாவது பேட்ச்சின், எண்ணைக் குறித்துக்கொண்டு, கடைகளில் மீதமிருந்ததை முழு விலைக்கே திரும்பப் பெற்றோம். மிளகாயில் மிச்சம் பிடித்த தொகையைப் போல மூன்று மடங்கு அதில் போனது. அழைத்த ஏழு பேருக்கும் புதிய பாக்கெட்டை லைன் வண்டியிலேயே கொடுத்தனுப்பினேன். அழைக்காமல் வேறு பொடிக்கு மாறியவர்களை எண்ணிச் சொல்ல எந்த நோட்டும் இல்லை.

அந்த மாதச் சம்பள நாளில், எல்லோரையும் வைத்துக்கொண்டே அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து எந்தத் தொகுதியையும் நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டு. காரணம் கேட்காமல் நிறுத்திவிட்டு, பிறகு பேசுவோம். கடந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை நிறுத்தியிருக்கிறார். அவற்றில் ஒருமுறை, நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனாலும் அன்றைய வறுவலை வெளியே அனுப்பவில்லை. நான் இல்லாத நேரத்தில் பொடியின் மணத்துக்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான், முதல்முறையாகப் பத்து நாள் தொடர்ந்து வெளியூர் லைன்களைப் பார்க்கப் போக முடிந்தது.

வங்கிக் கடனிலும் இதே போன்ற ஒன்றைப் பார்த்தேன். சிக் நிறுவனத்துக்கு ஈடு எதுவும் இல்லாமலேயே ஒரு வங்கி மேலாளர் 25,000 ரூபாய் கடன் கொடுத்தார் என்றும், அந்தச் சிறுதொழில் ஒழுங்காக வருமான வரி கட்டுகிறது என்பதையே அவர் பரிந்துரையில் காரணமாக எழுதினார் என்றும் ரங்கநாதன் கூறியிருக்கிறார். நாங்கள் கடன் கேட்டுப் போனபோது எங்கள் பகுதி அதிகாரியும் விளம்பரப் படங்களைப் பார்க்கவில்லை. மூன்று ஆண்டு வரிக் கணக்கைப் பார்த்தார். கூடவே நான் கொண்டு போயிருந்த ரெண்டாம் நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். பேக்கிங் மெஷினுக்குக் கடன் கிடைத்தது.

அந்த மெஷினில் அடுத்த மாதம் முதல் ஐந்து ரூபாய் இட்லிப் பொடியைச் சரமாகப் போடப் போகிறோம்; நான்கு இட்லிக்கு வரும் அளவு. காலி பாக்கெட்டுக்குப் பரிசு கொடுக்கலாமா என்று யோசித்து, ஒரே லைனில், சாத்தூர்ப் பக்கத்துப் பன்னிரண்டு கடைகளில் மட்டும் செய்து பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு கடையிலும் இருபது நாளுக்கான சரக்கை இறக்கிய பிறகுதான் பரிசை அறிவிக்கும் அட்டையைத் தொங்கவிடுவது. முதல் அட்டையை அந்தப் பழைய அண்ணாச்சியின் கடையில் வைக்கக் கேட்டேன். சரி என்றார். பெயர் மாறி இத்தனை ஆண்டுகளாகியும் அவர் எங்கள் பொடியைப் பழைய பெயரில்தான் சொல்கிறார். வருகிறவர்களிடமும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறார். திருத்திப் பார்த்தேன், கேட்பதாக இல்லை.